மிச்சமிருக்கும் கால் வயிறு

சூரத்
நவம்பர் 3

மதிப்புக்குரிய ஜசுமதி அத்தைக்கு, தம்பி மகள் ஊர்மி எழுதுவது. ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா.

என் வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுக்க வைத்தது நீங்கள். மிச்சமிருக்கும் கால் பங்கில் நெய்யை ஊற்றியதும் நீங்கள். ஊற்றிய நெய் உடம்பில் ஒட்டிவிட்டது என்று சொல்லி, அந்தக் கால் பங்கையும் மறுபடி வெட்டித் தைக்க நவம்பர் பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு நேரம் வாங்கியிருப்பதும் நீங்கள்தான். மற்றபடி இங்கே எல்லோரும் நலம். மாமாவின் முழங்கால் வலி தேவலையா? உங்கள் வீட்டில் அனைவருக்கும் புது வருட வாழ்த்துகளைப் பத்து நாள் தாமதமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் உங்கள் நவ்சாரியில் உடனே சிக்னல் போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீல டிக் விழும், பின்னாலேயே ஒரு ரோஜாப்பூ வரும், ‘இன்றைய நாள் இனிய நாளாகட்டும்’ என்று. ஆகவே காகிதம். காகிதத்துக்கு ரோஜாப்பூ அனுப்ப முடியாது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நம் வீட்டில் ஒவ்வொருவரும் இந்தக் கதையைத் தங்களுக்கு வசதியான இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். அப்பா உங்கள் பாசத்திலிருந்து தொடங்குவார். அம்மா, பத்தாம் வகுப்பு விடுமுறையில் நான் தின்ற ஐஸ்கிரீமிலிருந்து. நான் நம் சமாஜத்தின் வரன் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் செயலாளரான வருடம் அதில் பெண்களுக்கு ‘எடை’ என்று ஒரு கட்டம் சேர்த்தீர்கள். பையன்களுக்கு அதே இடத்தில் ‘சொந்த வீடு’ என்று இருக்கிறது. என் கட்டத்தில் 97 என்று மூன்று வருடம் அச்சானது. மூன்றாவது வருடம் நீங்கள், “79ன்னு போட்டுருவோம் கண்ணு, அப்புறம் அச்சுப்பிழைன்னு சொல்லிக்கலாம்” என்றீர்கள். நான் முடியாது என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், அச்சுப்பிழை நான்தான் என்பது போல இருந்தது.

அந்த மூன்று வருடத்தில் ஐந்து குடும்பங்கள் வந்து பார்த்தார்கள். கடைசியாக வந்த பர்தோலிக்காரர்களை உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள்தான் கூட்டி வந்தீர்கள். அம்மா கடலைப்பருப்பில் லோச்சோ அவித்து, மேலே வெண்ணெய் போட்டு, ஓமப்பொடி தூவி, தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தாள். பையனின் அம்மா மூன்றாவது தட்டைக் காலி செய்துவிட்டு விரலைத் துடைத்தபடி சொன்னாள்: “பொண்ணு முகம் லட்சணம். அதுல குத்தமே சொல்ல முடியாது. ஆனா முகத்த மட்டும் தனியா கூட்டிட்டுப் போக முடியாதே.” அவர்கள் வீட்டு ஆண்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம் நாலாவது தட்டு போனது. அவர்கள் போன பிறகு நான் சமையலறையில் மிச்சமிருந்த லோச்சோவை எடுத்தபோது, “இப்பவுமா?” என்று கேட்டீர்கள். நாலு தட்டு தின்றவளைக் காரில் ஏற்றிக் கையசைத்துவிட்டு வந்த அதே வாயால் கேட்டீர்கள். இதில் எனக்குக் கோபம் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஆபரேஷன் யோசனை அடுத்த வாரமே உங்களுக்கு வந்தது. கையெழுத்து நான்தான் போட்டேன், அதை மறுக்கவில்லை. பேனா என் கையில் இருந்தது. என் கையைச் சுற்றி ஏழு பேர் இருந்தார்கள். வயிற்றை வெட்டி ஒரு குழாய் அளவுக்குச் சுருக்கிவிடுவோம், அரைக் கிண்ணத்துக்கு மேல் உள்ளே போகாது, எண்ணெய், நெய், சர்க்கரை இந்த மூன்றும் இனி விரோதிகள் என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். ஏழு பேரும் தலையாட்டினார்கள். பிறகு கேள்விகள் இருக்கிறதா என்று கேட்டார். உங்களுக்கு இருந்தது.

“முதல் ரெண்டு வாரம் என்ன குடுக்கணும் டாக்டர்?”

“திரவ உணவு மட்டும்மா. கெட்டியா எதுவும் கூடாது.”

“நெய்?”

“நெய்யா?”

“உருக்கினா அதுவும் தண்ணி மாதிரிதானே இருக்கும்.”

டாக்டர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். அவர் சிரித்ததை நீங்கள் அனுமதி என்று எடுத்துக்கொண்டீர்கள்.

போன வருடம் ஜனவரியில், பட்டம் விடும் திருநாள் முடிந்த ஐந்தாம் நாள் எனக்கு ஆபரேஷன். அது உந்தியு கூட்டுக்கான காலம். சேனை, கத்தரி, வாழைக்காய், அவரை எல்லாம் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிற பருவத்தில் இந்த ஊரில் ஒருத்தி பருப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் அது குடும்பத்துக்கே அவமானம். நான் வீட்டுக்கு வந்த நாலாம் நாள் அம்மா உந்தியுவை மிக்ஸியில் போட்டு அரைத்தாள். நீங்கள் போனில் இருந்தீர்கள், ஸ்பீக்கரில். என் படுக்கை வரை கேட்டது. “நல்லா வடிகட்டு ரேகா, திப்பி ஒண்ணுகூட இருக்கக் கூடாது, புள்ளைக்கு ஆகாது. எண்ணெய மட்டும் வடிச்சுறாத, சத்து அதுலதான் இருக்கு.” பச்சையாக, கம்மென்று ஓம வாசனையோடு ஒரு டம்ளர் வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டாக்டரின் தாளை எடுத்துப் படித்தாள். திரவம் என்று போட்டிருக்கிறது, இது திரவம். சூடாக இருக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது, இது ஆறிவிட்டது. அரைக் கிண்ணம் என்று போட்டிருக்கிறது, அளந்தாயிற்று. அம்மா எந்த விதியையும் மீறவில்லை. நான் ஆறு மடக்கு குடித்தேன்.

அடுத்த பத்தாவது நிமிடம் என் இதயம் காதுக்குள் அடித்தது. வியர்த்து முதுகெல்லாம் படுக்கையோடு ஒட்டிக்கொண்டது, கை நடுங்கியது, மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் அவசரம் வந்தது, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே அம்மா கதவைத் தட்டி, “பழக்கம் இல்லாததால அப்படி இருக்கும்டி, மிச்சத்த கொஞ்ச நேரம் கழிச்சுக் குடி” என்றாள். மறுநாள் டாக்டர் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு அம்மா, “காய்கறி சூப்” என்றாள். அவர் நல்லது என்றார். அந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள் ரவா அல்வா பாலில் கரைந்து வந்தது. ஒரு நாள் பஜ்ஜி மோர்க்குழம்போடு அரைபட்டு வந்தது. மூன்றாம் மாடி சுரேகா ஆண்ட்டி, “எங்க வீட்டு மிக்ஸி இன்னும் நைசா அரைக்கும்” என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஆபரேஷன் விஷயம் யாருக்கும் தெரியக் கூடாது என்று பித்தப்பையில் கல் என்று சொல்லி வைத்திருந்தோம். பித்தப்பைக்கு எதற்கு உந்தியுவை அரைக்கிறார்கள் என்று அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சூரத்தில் சாப்பாட்டுக்குக் காரணம் கேட்கிற வழக்கம் கிடையாது.

இவ்வளவுக்கும் எடை குறைந்தது. டிசம்பரில் 64. தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு குளியலறைச் சல்லடையோடு போயிற்று. நகம் காகிதம் மாதிரி கிழிந்தது. ரத்தம் சோதித்த பெண் முடிவைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு நடக்க முடியுதா?” என்று உண்மையாகவே கேட்டாள். நீங்கள் வந்து என்னைச் சுற்றிப் பார்த்தீர்கள், கடையில் துணி பார்ப்பது போல. “நல்லாத்தான் இருக்கு. ஆனா முகத்துல களை போயிருச்சே ரேகா.” அப்படியானால் இத்தனை நாள் களை எங்கே இருந்தது என்று எனக்கு அன்று தெரிந்தது. முடிக்கு சவுரி வாங்கி வந்தீர்கள். முகத்துக்கு, தினமும் இரண்டு ஸ்பூன் நெய் என்றீர்கள்.

அடுத்த புத்தகத்தில் என் படம் மூன்றாம் பக்கத்திலேயே வந்தது. கந்தோய் வீட்டார் கேட்டு அனுப்பினார்கள். பரம்பரை மிட்டாய்க் கடை. சவுக் பஜார் பக்கம் காலையில் போனால் பால்கோவா கிண்டுகிற வாசனை தெருமுனையிலேயே சட்டையைப் பிடிக்கும். வயிற்றை வெட்டிய பெண்ணுக்கு இந்த ஊரில் இருக்கிற எத்தனையோ வீடுகளில் நீங்கள் மிட்டாய்க் கடை வீட்டைக் கண்டுபிடித்தீர்கள். மாப்பிள்ளை பார்கவ், நூற்று நாலு கிலோ. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால் அவனே சொன்னான். புத்தகத்தில் இல்லை. நீங்கள் சொன்னது, “வளமான உடம்பு, வளமான வீடு.”

பிப்ரவரியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து பெண்ணின் வாயில் இனிப்பு வைக்க வேண்டும். அவர்கள் தரப்பில் முப்பத்தெட்டுப் பெரியவர்கள். அதிலும் மிட்டாய்க் கடைக்காரர்கள், துளி எடுத்து வைப்பது என்கிற பழக்கமே தெரியாதவர்கள். ஆளுக்கு ஒரு முழுப் பேடா. முதல் நாலு பேர் வைத்ததை முழுங்கினேன். அடுத்த மூன்றைக் கன்னத்தில் ஒதுக்கினேன். எட்டாவதைக் கைக்குட்டையில் வாங்கினேன். ஒன்பதாவது ஆள் மாப்பிள்ளையின் தக்ஷா சித்தி. அவர் வைத்துவிட்டு, முழுங்கும் வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மேடைக்குக் கீழே நின்று, முழுங்கு என்று தாடையை ஆட்டினீர்கள். முழுங்கினேன். பதினாலாவதாக வந்த மாப்பிள்ளையின் மாமாவின் விரல் என் வாய்க்கு அரையடி தூரத்தில் இருக்கும்போது எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தாம்பாளத்தில், தேங்காய்க்கும் சேலைக்கும் நடுவில். வீடியோக்காரர், “பரவால்ல, இத எடிட்ல தூக்கிரலாம், அக்கா மறுபடி ஒரு தடவ சிரிங்க” என்றார்.

தக்ஷா சித்தி சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே உங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நான் பக்கத்து அறையில் படுத்திருந்தேன்.

“ஜசுமதிபென், தப்பா நெனைக்காதீங்க. பொண்ணுக்கு நாள் எதுவும் தள்ளிப் போயிருக்கா?”

“அய்யய்யோ, ராம் ராம்! என்ன பேச்சு இது. அசிடிட்டிங்க. விரதம் இருந்துச்சு காலையிலேர்ந்து. எங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கு விரதம்னா உயிரு.”

அவர் போன பிறகு அம்மா அழுதாள். அம்மா முதல் முறையாக, “சொல்லிரலாமா அக்கா? இப்படிச் சந்தேகப்படறத விட ஆபரேஷன்னு சொல்லிறது மேல் இல்லையா?” என்றாள். நீங்கள் அவசரமாகச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னீர்கள். “அது பத்து மாசத்துல பொய்யின்னு தானா தெரிஞ்சுரும். இது நெசமாச்சே.”

அத்தை, இந்த வாக்கியத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வயிற்றில் குழந்தை இருக்கிறது என்று சந்தேகப்பட்டால் தாங்கிக்கொள்ளலாம். ஒரு காலத்தில் நான் குண்டாக இருந்தேன் என்பது மட்டும் வெளியே வரக் கூடாது. அதுவும் பழைய புத்தகங்கள் மூன்றும் சமாஜ நூலகத்தில் வரிசையாக இருக்கும்போது.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக்கு எப்போது போனாலும் தீனிதான். எனக்கு உடம்பு பலம் இல்லை, அதனால்தான் வாந்தி என்று அவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். மாமியார் ஆகப்போகிற சரோஜ்பென் நல்லவர். என்னைப் பார்த்ததும் ஒரு தட்டு வந்துவிடும். மறுத்தால் முகம் வாடிவிடும். நீங்கள் கூட இருந்தால் என் தட்டைத் தள்ளி என் பக்கம் வைப்பீர்கள், “கூச்சப்படறா, சாப்பிடுவா” என்று.

போன மாதம் சாந்தி படுவா. சரத் பௌர்ணமிக்கு மறுநாள் இந்த ஊரே காரி தின்கிற நாள். கடைகளில் வரிசை. பால்கோவா அடைத்து, நெய்யில் பொரித்து, போதாதென்று மேலே கெட்டி நெய்யை வழித்துப் பூசிய அந்த வஸ்துவை, சாலையோரத்திலும் மொட்டை மாடியிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து தின்பார்கள். கந்தோய் வீட்டில் அன்று முதல் ஈடு வீட்டுக்கு வரப்போகிற மருமகளுக்கு. இருட்டுவதற்கு முன்னால் மாடியில் ஜமக்காளம் விரித்துவிட்டார்கள். மாமனார் தன் கையால் எடுத்து வந்து என் தட்டில் வைத்தார். என் உள்ளங்கை அகலம். நான் பாதியைப் பிய்த்து ஓரத்தில் வைத்தேன்.

“அப்படி வைக்கக் கூடாதும்மா. எங்க மருமகளே முழுசா தின்னலன்னா நாளைக்கு ஊருல என்ன கேப்பான்? ‘உங்க வீட்டுப் பொண்ணு ஒதுக்கி வச்சத எங்களுக்கு விக்கிறியா’ன்னு கேப்பான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, விஷமில்லாதது. நீங்கள் என் எதிரில் உட்கார்ந்து உங்கள் இரண்டாவது காரியைத் தின்றுகொண்டிருந்தீர்கள். புருவத்தைத் தூக்கினீர்கள். முழுதும் தின்றேன். கால் மணி நேரத்தில் நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். படிக்கட்டின் கம்பியைப் பிடித்தால் கம்பியும் சேர்ந்து நடுங்கியது. நீங்கள் வந்தீர்கள். நெற்றி வியர்வையைத் துடைத்தீர்கள், மை கலையக் கூடாது என்று ஒற்றி ஒற்றி. எனக்கு அந்தக் கணத்தில் உங்கள்மேல் கொஞ்சம் அன்பு வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு சொன்னீர்கள்: “கீழ போய் கொட்டிட்டு வந்துரு கண்ணு. மிக்ஸர் பரிமாறப் போறாங்க, அதுக்குள்ள வந்துரு.”

தீபாவளிக்கு முந்தின வாரம் கல்யாண ரவிக்கை அளவு பார்க்கப் போனோம். கொக்கி மாட்டவில்லை. தையல்காரர், “அக்கா, அளவு எடுத்தப்ப இருந்தவங்க வேற, இப்ப நிக்கிறவங்க வேற” என்றார். நீங்கள் திட்டவில்லை. பக்கத்து மருந்துக் கடையில் இருந்த எடை இயந்திரத்தில் என்னை ஏற்றினீர்கள். 72. கடைக்கு வெளியே நின்றபடியே கிளினிக்குக்குப் போன் செய்தீர்கள். அந்த ஒரு போனில் இரண்டாவது ஆபரேஷன் முடிவாயிற்று. என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “பதினெட்டாந்தேதி உனக்கு ஆபீஸ் லீவு கெடைக்குமா?”

டாக்டரைப் போய்ப் பார்த்தோம். ஒரு முறை தைத்த இடத்தில் மறுபடி வெட்டினால் தையல் விட்டுப்போக வாய்ப்பு அதிகம், இவளுக்கு ரத்தமும் குறைவு, அவசரம் இல்லையென்றால் சாப்பாட்டைச் சரிசெய்து பார்க்கலாம் என்றார். எத்தனை பேருக்குத் தையல் விட்டுப்போகிறது என்று ஒரு கணக்குச் சொன்னார். நீங்கள், “அவ்வளவுதானா? அப்ப மீதிப் பேருக்கு ஒண்ணும் ஆகலைல்ல” என்றீர்கள். வெளியே வந்து காரில் ஏறியதும் அம்மா கேட்டாள்.

“ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது வாரம் கல்யாணம். மாப்பிள்ள வீட்டுல என்ன சொல்றது அக்கா?”

“பித்தப்பையில மறுபடி கல்லுன்னு சொல்லு.”

“பித்தப்பைய எடுத்தாச்சுன்னுல்ல போன தடவ ஊருக்கெல்லாம் சொன்னோம்?”

“அப்ப வேற ஏதாவது பையின்னு சொல்லு. மனுசனுக்குள்ள எத்தன பை இருக்குன்னு அவங்க என்ன எண்ணிக்கிட்டா இருக்காங்க?”

அப்பா வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கில் நின்றபோது கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பச்சை விழுந்ததும், “அத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

ஆகவே இந்தக் கடிதம். நான் சேலைக் கம்பெனியில் டிசைன் வரைகிறவள், வயிற்றைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் இந்த எட்டுக் கிலோ எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு கிராம்கூட என் கையால் உள்ளே போனதில்லை. எல்லாம் முப்பத்தெட்டுப் பெரியவர்களின் விரலால், சரோஜ்பென்னின் தட்டால், உங்கள் புருவத்தால் போனது. ஊட்டியவர்கள் நீங்கள் எல்லோரும். வெட்டுப்படுவது நான் ஒருத்தி. பயமாக இருக்கிறது என்று எழுதினால் நீங்கள் அனுமனுக்கு வேண்டிக்கொள்ளச் சொல்வீர்கள், அதனால் எழுதவில்லை. கிளினிக்குக்குப் போன் செய்து பதினெட்டாம் தேதியை ரத்து செய்யுங்கள். நான் செய்தால் அப்பா மறுபடி நேரம் வாங்குவார். நீங்கள் செய்தால் ஒருவரும் பேச மாட்டார்கள். ரவிக்கையைப் பிரித்துத் தைக்க தையல்காரருக்கு ஒரு நாள் போதும் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். அவரை அதிகம் படி ஏற விடாதீர்கள். தங்கள் ஆசீர்வாதத்தை வேண்டும், கல்யாணத்துக்கு உயிரோடு வர விரும்பும்,

தங்கள் அன்பு மகள் போன்ற,
ஊர்மி

பின்குறிப்பு. நவம்பர் 14.

மேலே உள்ள கடிதத்தை மூன்றாம் தேதி தபாலில் அனுப்பினேன். ஒன்பதாம் தேதி ஒரு நகலைக் கூரியரில் அனுப்பினேன், மாமா கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். இது மூன்றாவது. உங்களிடமிருந்து பதில் இல்லை. கிளினிக்கிலிருந்து மட்டும் செய்தி வந்தது: பதினேழாம் தேதி இரவு எட்டு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது.

நகல் எடுக்கும்போது மறுபடி படித்துப் பார்த்தேன். ஒரு கிராம்கூட என் கையால் போகவில்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய். நிச்சயதார்த்தத்தில் தின்றது தாம்பாளத்துக்கு வந்துவிட்டது. படுவா அன்று தின்றது படிக்கட்டைத் தாண்டவில்லை. சரோஜ்பென்னின் தட்டில் நான் எடுத்தது எப்போதும் ஒரு விள்ளல்தான். வாந்தி எடுத்ததெல்லாம் எடை போடாது. எட்டுக் கிலோவைப் போட்டது நான்.

பார்கவுக்கு ஆபரேஷன் விஷயம் தெரியும். மார்ச்சில் நானே சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். அவர்களுக்குப் பயந்து இல்லை, உங்களுக்குப் பயந்து. அவன், “அப்ப மொத்தமே எவ்ளோ புடிக்கும்?” என்று கேட்டான். நான் கையை மடக்கிக் காட்டினேன். அந்தக் கையைத் தன் விரலால் சுற்றி அளந்தான். “இவ்ளோதான் எடமா? அப்ப கண்டதையும் போட்டு ரொப்பாத. நல்லதா மட்டும் சாப்புடு.” அவன் பெரிய புத்திசாலி இல்லை. மிட்டாய்க் கடைக்காரன் மூளை. ஆனால் அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் ஆபீசுக்கு ஒரு பெட்டி காரி வந்தது. மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. காரியை எலுமிச்சை விதை அளவுக்குக் கிள்ளி நாக்கில் வைத்தால் நெய் தானாக உருகி இறங்குகிறது, வியர்ப்பதில்லை, நடுங்குவதில்லை, வயிற்றுக்கு அது வந்ததே தெரிவதில்லை. இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானே கண்டுபிடித்தேன். ஒரு காரிக்கு ஒரு முழு நாள் ஆகும். பூ வரைந்துகொண்டே தின்றேன். பசியால் தின்றேன் என்று சொல்லவும் வழியில்லை, பசி சுரக்கிற பகுதியை டாக்டர் முதல் தடவையே எடுத்துவிட்டார். நன்றாக இருந்தது, தின்றேன். 97 கிலோவாக இருந்த காலத்தில் நான் ஒரு காரியைக்கூட ருசித்ததில்லை, யாராவது பார்ப்பதற்குள் விழுங்க வேண்டியிருந்தது.

ஆகவே உங்கள் மேல் சொன்ன குற்றத்தில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தின்றது என் கை, என் வாய். டாக்டரிடமும் அதைச் சொல்லிவிட்டேன். அவர், “அப்ப இத சாப்பாட்டுலயே சரி பண்ணலாமே, எதுக்கும்மா ஆபரேஷன்?” என்றார். நான் உங்கள் போன் நம்பரைக் கொடுத்தேன். அவர் கூப்பிட்டபோதும் நவ்சாரியில் சிக்னல் இல்லை.

அப்பா பையைக் கட்டிக் கூடத்தில் வைத்துவிட்டார். இரண்டு நைட்டி, ஒரு துண்டு, அனுமன் படம். இன்னும் நாலு நாள் இருக்கிறது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள் அத்தை. 97 அதிகமாக இருந்தது. 64-இல் களை இல்லை. 72-இல் கொக்கி மாட்டவில்லை. எத்தனை கிலோ ஆனால் என்னை விட்டுவிடுவீர்கள்? அந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்கள்.